தலைமாட்டு விளக்கு

பிப்ரவரி 12

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான் சுகம். மாமாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, வாய் பிடிக்கவில்லை. அதனால் வீடு வழக்கம்போலத்தான் இருக்கிறது. உன் உடம்பு எப்படி? அம்மாவின் முழங்கால் எப்படி?

போன தடவை நீ அனுப்பிய பெட்டி வந்தது. கயிற்றைப் பார்த்ததுமே எனக்குத் திக்கென்றது. நீ இரண்டு சுற்று சுற்றி ஒரு முடிச்சுப் போடுவாய். இதில் மூன்று முடிச்சு. லாரி டிரைவரைக் கேட்டேன். "மழையில அவுந்துருச்சும்மா, நான்தான் கட்டினேன்" என்றார். அந்த வாரம் எங்கே மழை பெய்தது? எண்ணிப் பார்த்தேன், பேட்டரிச் செல் எதுவும் குறையவில்லை. இருந்தாலும் அவர்மேல் ஒரு கண் வைத்திருக்கிறேன்.

இப்போது விஷயம். இரண்டு தெரு தள்ளி இருக்கும் குழந்தைகள் காப்பகத்தில் என்னிடம் பன்னிரண்டு எல்.இ.டி. விளக்கு செய்து தரக் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் தூங்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. மத்தியானம் கரண்ட் போனால் முப்பதும் சேர்ந்து ஒரே சுருதியில் அழுமாம். ஒரு விளக்குக்கு இரண்டு செல், கையில் உபரியாக நாலு, மொத்தம் இருபத்தெட்டு வேண்டும். மார்ச் பதினைந்துக்குள் அனுப்பு.

நீ வேலை பார்க்கும் பட்டறையில் பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து பிரித்த மொட்டைச் செல் என்பதைக் காப்பகத்துப் பெரிய டீச்சரிடம் மறைக்கவில்லை. "மொட்டைன்னா?" என்று கேட்டார்.

"சில செல்லுல உள்ளேயே ஒரு காவல் இருக்கும். சார்ஜ் அளவுக்கு மேல ஏறினாலும், அளவுக்குக் கீழ இறங்கினாலும் அதுவே நிறுத்திடும். இதுல அது கிடையாது. அதனால நான் வெளியில ஒரு சர்க்யூட் போர்டு வைக்கிறேன்."

"அப்போ பயம் இல்லையே?"

"செல் நல்லதா இருந்தா பயம் இல்லை. போர்டு வாசல்ல நிக்கிற ஆளு. வீட்டுக்குள்ள இருக்கிற நோயை அது என்ன பண்ணும்? அந்த நோயைத்தான் என் தம்பி முப்பது நாள் வச்சுப் பார்த்துக் கழிக்கிறான்."

நீ ஒவ்வொரு செல்மேலும் எழுதும் இரண்டு வரியையும் காட்டினேன். சார்ஜ் நிரப்பிய தேதி, வோல்ட். சும்மா கிடத்தி முப்பது நாள் கழித்துத் தேதி, வோல்ட். இரண்டாவது எண் இறங்கியிருந்தால் அந்தச் செல் கழிசல் டிரம்முக்குப் போய்விடும் என்றேன். அசந்துபோனார்.

இத்தனை வருஷம் நீ பார்த்ததையும் நான் இன்னொரு மாதம் வைத்துப் பார்த்தேன். இந்தத் தடவை அதற்கு நாள் இல்லை. இனி நீ பார்த்தால் நான் பார்த்த மாதிரி. நீ உருப்படியாகச் செய்யும் ஒரே காரியம் இது, அதையும் நான் சந்தேகப்பட்டால் எப்படி?

அம்மாவை ரொம்பக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா

*

பிப்ரவரி 19

இன்ஸ்பெக்டர் அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். அம்மாவின் முழங்கால் படி ஏற மறுக்கிறது, இறங்க ஒத்துக்கொள்கிறது. எனக்கு ஒரு குறையும் இல்லை. மாமாவின் முதுகுக்கு என் அனுதாபத்தைச் சொல்.

டிரைவர் உன் வீட்டுக்குப் பெட்டி கொண்டுபோகவே பயப்படுகிறார். "உங்க அக்கா கயித்தை மோந்து பார்க்கிறாங்க தம்பி" என்கிறார். நல்லவேளை, நாம் போனில் பேசினால் இரண்டாவது நிமிஷம் சண்டை என்று அம்மா லெட்டர் போடச் சொல்லி ஆறு வருஷமாகிறது. இல்லையென்றால் என் குரலையும் நீ மீட்டர் வைத்து அளந்திருப்பாய்.

முப்பது நாள் பார்த்த செல் கையிருப்பு இருக்கிறது. சொன்ன தேதிக்குள் வரும்.

நீ மறுபடி அளக்கப்போவதில்லையா? நீயா? இதை நான் நம்ப வேண்டுமா?

வேலையெல்லாம் வழக்கம்போல.

தம்பி

*

மார்ச் 24

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மாமா நிமிர்ந்துவிட்டார். அம்மா எப்படி இருக்கிறாள்?

பெட்டி பதினாலாம் தேதியே வந்துவிட்டது. முடிச்சு உன்னுடையதுதான். மறுநாளே வேலையைத் தொடங்கி எட்டு நாளில் பன்னிரண்டையும் முடித்தேன். செல்லில் நேராக ஈயம் வைத்துப் பற்றவைக்கவில்லை, எல்லாம் ஸ்பிரிங் வைத்த பிளாஸ்டிக் கூட்டில் உட்காருகிறது. ஷார்ட் ஆகாமல் இருக்கப் பாசிட்டிவ் முனைக்கு ஒவ்வொன்றாகக் காகித வளையம் ஒட்டினேன். ஜோடி சேர்க்கும்போது நீ எழுதிய வோல்ட் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்துப் பார்த்து வைத்தேன். அவ்வளவுதான், உன் எண்ணை நம்பி மாட்டிவிட்டேன்.

நேற்று மத்தியானம் கரண்ட் போனது. காப்பகத்து ஆயா எல்லா விளக்கையும் போட்டாள். ஒரு பிள்ளைகூட அழவில்லை. பெரிய டீச்சர் வாசல் பலகையில் "விளக்கு உதவி" என்று என் பெயரை எழுதச் சொல்லிவிட்டார். நான் வேண்டாம் என்று சொன்னேன், ஒரு தடவைதான் சொன்னேன்.

ஒரு விஷயம். உன் மேஜை சூப்பர்வைசரைத் திட்டாமல் நீ ஒரு லெட்டரும் எழுதியதில்லை. "வேலையெல்லாம் வழக்கம்போல" என்று ஒற்றை வரியில் முடித்திருக்கிறாய். என்ன வழக்கம் அது?

உன் அக்கா

*

ஏப்ரல் 11

அக்காவுக்கு,

நலம். அம்மாவும் நலம். லெட்டருக்குத் தாமதம், மன்னித்துக்கொள். இங்கே வேலை கொஞ்சம் அதிகம்.

விளக்கு நன்றாக எரிவது சந்தோஷம். நீ எப்படியும் மாட்டுவதற்குமுன் ஒரு தடவை அளந்திருப்பாய்தானே? உன்னைத் தெரியாதா. எதற்கும் இன்னொரு தடவை பார்த்துக்கொள். வெயில் காலம்.

தம்பி

*

ஏப்ரல் 28

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். உன் உடம்பைப் பார்த்துக்கொள். வேலை அதிகம் என்று எழுதியிருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடு.

இந்த லாரியில் அம்மாவுக்கு ஒரு விளக்கு அனுப்பியிருக்கிறேன். அங்கேயும் கரண்ட் போகிறதாமே. மார்ச் பெட்டியில் மிஞ்சிய உன் செல்லைத்தான் போட்டிருக்கிறேன். நீ முப்பது நாள் பார்த்தது, அதைவிடப் பத்திரமானது வேறு என்ன இருக்கிறது? கட்டில் தலைமாட்டில் மாட்டு. மாட்டிவிட்டு எனக்கு எழுது.

உன் அக்கா

*

ஏப்ரல் 28

அம்மாவுக்கு,

உன் மகள் எழுதுகிறேன். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா? இந்த லெட்டரை டிரைவர் உன் கையில்தான் கொடுப்பார். அவனிடம் காட்டாதே.

மார்ச் பெட்டியில் மிஞ்சிய நாலு செல் டப்பாவில் கிடந்தது. "இன்னொரு தடவை பார்த்துக்கொள்" என்று அவன் எழுதினானா, குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிற மாதிரி இருந்தது. எடுத்துப் பார்த்தேன். அவசரத்தில் அன்றைக்கு வோல்ட்டைப் பார்த்தேனே தவிர தேதியைப் பார்க்கவில்லை. முதல் தேதி பிப்ரவரி 18. முப்பது நாள் கழித்து அளந்ததாக இரண்டாவது தேதி மார்ச் 20. பெட்டி என் வீட்டுக்கு வந்ததே மார்ச் 14. என் அலமாரியில் இருந்த செல்லை இவன் எப்படியம்மா அங்கே உட்கார்ந்து அளந்தான்? நாலையும் மீட்டரில் வைத்தேன். எல்லாவற்றிலும் 4.10 என்று எழுதியிருக்கிறான். ஒன்று 3.3-க்கு இறங்கிக் கிடக்கிறது.

கேட்டால் ஆயிரம் கதை சொல்வான், கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். அதனால் ஒரு வேலை செய்திருக்கிறேன். உனக்கு அனுப்பிய விளக்கில் இருப்பது போன வருஷத்துச் செல், நானே அளந்தது, பயப்படாதே. ஆனால் மார்ச் பெட்டிச் செல் என்று அவனுக்கு எழுதியிருக்கிறேன். அவன் நல்ல செல்தான் அனுப்பினான் என்றால் பேசாமல் உன் தலைமாட்டில் மாட்டிவிடுவான். இல்லையென்றால் மாட்ட மாட்டான். என்ன செய்கிறான் என்று பார்த்து எழுது. அவன் முகத்தையும் பார்த்து எழுது.

உன் மகள்

*

மே 14

அக்காவுக்கு,

நலம். விளக்கு வந்தது. அருமையாக இருக்கிறது. அம்மா தலைமாட்டில் மாட்டிவிட்டேன். அம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம்.

தம்பி

*

மே 15

மகளுக்கு அம்மாவின் ஆசி. கால் அப்படியேதான் இருக்கிறது, நான்தான் பழகிவிட்டேன்.

விளக்குப் பெட்டியைப் பிரித்ததும் உன் லெட்டரை நின்றபடியே படித்தான். இரண்டு தடவை படித்தான். முகம் வெளுத்துவிட்டது. விளக்கைப் பச்சைப் பிள்ளையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனான். மேலே மணல் வாளி இருக்கிறது. கீழே வந்தபோது கையில் விளக்கு இல்லை. "எங்கடா?" என்றேன். "அதுல ஒரு ஒயர் விட்டிருக்கும்மா, சரி பண்ணித் தர்றேன்" என்றான். மறுநாள் கடையிலிருந்து ஒரு டார்ச் வாங்கி என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தான். தலைமாட்டில் ஆணிகூட அடிக்கவில்லை.

நீ கேட்டதைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். இப்போது நான் கேட்கிறேன். உன் லெட்டரை நான் மூன்று தடவை படித்தேன். தேதி எழுதியிருக்கிறாய், வோல்ட் எழுதியிருக்கிறாய், தம்பியை எப்படி மடக்குவது என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பிள்ளைகள் தலைக்குமேல் தொங்குவதைக் கழற்றிவிட்டேன் என்று ஒரு வரி இல்லையே. எழுத மறந்துவிட்டாயா? கழற்றியிருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். உடனே பதில் போடு.

அம்மா

*

ஜூன் 3

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

மே 20, மத்தியானம் இரண்டு மணி. போன கரண்ட் திரும்பி வந்தது. மூன்றாவது வரிசை விளக்கு சார்ஜ் ஏறும்போது உஸ்ஸென்று சத்தம் வந்திருக்கிறது. கீழே ஏழு பிள்ளைகள் தூக்கத்தில். ஆயா பாய்ந்து அதைக் கையால் பிடுங்கி, அறையைத் தாண்டி முற்றத்துக்கு ஓடி எறிந்திருக்கிறாள். எறிந்த பிறகுதான் அது வெடித்தது. பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. அவளுடைய வலது உள்ளங்கைத் தோல் அந்த விளக்கோடு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இதற்கு ஆறு நாள் கழித்து அம்மாவின் லெட்டர் வந்தது.

உன் இரண்டாவது தேதி பொய் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அனுப்பிய விளக்கில் இருந்தது பழைய செல். மணலில் நீ புதைத்தது நல்ல விளக்கைத்தான். உன்னைச் சோதிக்கத்தான் அனுப்பினேன். "அம்மா தலைமாட்டில் மாட்டிவிட்டேன்" என்று கை கூசாமல் எழுதினாயே!

அம்மா தலைமாட்டுக்கு ஆகாதது, அடுத்தவர் பிள்ளை தொட்டிலுக்கு மட்டும் ஆகுமா? சொல்லு.

பெரிய டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் தம்பி என்னை ஏமாற்றிவிட்டான் என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்ன பண்ணுவீங்க, கூடப் பிறந்தவனையே நம்ப முடியலைன்னா" என்றார்.

அக்கா

*

ஜூன் 17

அக்காவுக்கு,

அந்த ஆயாவின் கை எப்படி இருக்கிறது? முதலில் அதை எழுது.

நீ எழுதியது அத்தனையும் நிஜம். நான் எழுதாததை எழுதுகிறேன். ஜனவரியில் நான் சரியென்று அளந்து அனுப்பிய செல் ஒன்று பக்கத்து மேஜையில் தீப்பிடித்தது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் என்னை அளக்கும் மேஜையிலிருந்து எடுத்து, வாசலில் மூட்டை இறக்கப் போட்டுவிட்டார்கள். உன்னிடம் எப்படிச் சொல்வேன்? நான் உருப்படியாகச் செய்கிற ஒரே காரியம் என்று அடுத்த மாதமே நீ எழுதுகிறாய். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே பத்து நாள் மூட்டை இறக்கினேன்.

கையிருப்பு எதுவும் கிடையாது. கழிசல் டிரம்மிலிருந்து இருபத்தெட்டு எடுத்தேன். ஒரு வோல்ட்கூட இல்லாமல் செத்துக் கிடந்தவை. செத்த செல்லை எழுப்பக் கூடாது, பின்னால் தீப்பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். வீட்டில் வைத்து மெதுவாக ஏற்றினேன். எல்லாம் சமர்த்தாக ஏறின. முதல் வரியை எழுதினேன், பழக்கத்தில் கை தானாக முப்பது நாளைக் கூட்டி இரண்டாவதையும் எழுதிவிட்டது. அந்தத் தேதி இன்னும் வரவில்லை என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

நீ மறுபடி அளப்பாய், கெட்டதை நீயே தூக்கி எறிவாய் என்றுதான் நினைத்தேன். நம்புகிறேன் என்று நீ எழுதியதை நான் நம்பவில்லை அக்கா. பிறந்ததிலிருந்து நீ யாரை நம்பியிருக்கிறாய்? மார்ச் லெட்டர் வந்த அன்றைக்கே போன் பண்ணியிருக்க வேண்டும். மூன்று தடவை நம்பரைப் போட்டேன், மணி அடிக்கும்முன் வைத்துவிட்டேன். உன்னிடம் திட்டு வாங்கப் பயந்துகொண்டு பிள்ளைகளைத் தீக்குக் கீழே படுக்க வைத்தேன். இதற்கு மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வாய் இல்லை.

இன்னொன்று. நீ அம்மாவுக்கு எழுதிய லெட்டரை அம்மா என் முன்னால் வைத்துவிட்டாள். அதன் தலைப்பில் ஏப்ரல் 28 என்று போட்டிருக்கிறது. உன் லெட்டரில் மே 20 என்று போட்டிருக்கிறது. நான் எதுவும் கேட்கவில்லை. அம்மாதான் உன் பதிலுக்காகத் தினம் வாசலைப் பார்க்கிறாள்.

தம்பி

*

ஜூலை 22

தம்பிக்கு,

ஒரு மாதமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நீயும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். ஆயாவின் காயம் ஆறிவருகிறது. மூன்று விரல் மடங்குகிறது, இரண்டு விரல் மடங்கவில்லை.

நீ கேட்கவில்லை, நான் சொல்கிறேன். ஏப்ரல் 28 அன்று எனக்குத் தெரியும். அந்த 3.3-ஐப் பார்த்ததுமே காப்பகத்தில் தொங்குவதும் இதே செல்தான் என்று புரிந்துவிட்டது. நடந்து போனால் காப்பகம் ஐந்து நிமிஷம். ஒரு ஸ்டூலும் ஸ்க்ரூ டிரைவரும் இருந்தால் அரை மணியில் பன்னிரண்டையும் கழற்றியிருக்கலாம். மே 20 அன்று ஒன்று வெடித்த பிறகுதான் மிச்சத்தைக் கழற்றினேன். இருபத்திரண்டு நாள்.

இப்போதே கழற்றினால் டிரைவர் பார்ப்பார், லாரியை அங்கேதான் நிறுத்துகிறார், உன் காதுக்கு வந்துவிடும், நீ உஷாராகிவிடுவாய் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். டீச்சரிடம் கேட்டதற்கெல்லாம் பெருமை பேசியிருந்தேன், வாசல் பலகையில் பெயர் வேறு. அதையெல்லாம் இறக்குவதற்குமுன், தப்பு உன்னுடையது என்று என் கையில் ஆதாரம் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். தினமும் காலையில் அந்தத் தெரு வழியாகப் போனேன். உள்ளே எட்டிப் பார்த்தேன். விளக்குகள் ஒழுங்காகத் தொங்கின. வீட்டுக்கு வந்து உன் பதில் வந்ததா என்று பார்த்தேன்.

நீ ஒரு பொய்த் தேதி எழுதினாய். எனக்கு உண்மைத் தேதி தெரிந்தும் உன்னைப் பிடிக்கக் காத்திருந்தேன். யார் பாவம் பெரிது என்று அளக்க என்னிடம் மீட்டர் இல்லை.

டீச்சருக்கு இன்னும் ஏப்ரல் 28 தெரியாது. ஆயாவுக்கும் தெரியாது. நான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அவள் இடது கையால் என் தலையைத் தடவி, "உங்க தம்பி பண்ணினதுக்கு நீங்க ஏன்மா அழுறீங்க?" என்கிறாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டு வருகிறேன். நாலு தடவை போனேன், நாலு தடவையும் அப்படித்தான் வந்தேன்.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி அவளுக்குக் கட்டு அவிழ்க்கிறார்கள். டீச்சரும் வருவார். அன்றைக்கு இரண்டு பேரிடமும் சொல்லிவிட வேண்டும். நீ முதல் நாளே கிளம்பி வா. அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டிவிட்டு வா. உன்னைத் திட்டுவதற்காகக் கூப்பிடவில்லை. நான் சொல்லும்போது நீ என் பக்கத்தில் நிற்க வேண்டும், நான் நிறுத்தினால் மிச்சத்தை நீ சொல்ல வேண்டும். தனியாகப் போனால் ஐந்தாவது தடவையும் உன்னை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன்.

அக்கா